பெத்லகேம் கிணற்று நீர்

அருளுரை ஆயத்தம் செய்யும் மாணவரும், வழிபாட்டுக்குப் பாடல் புனைய முற்படும் இளம் ஆயரும் நம்மிடம் வழக்கமாகக் கேட்கும் வினா ஒன்றுண்டு: "ஊற்று வற்றிவிட்டது, எங்கே சென்று மொள்ளுவது?" இதற்கு நாம் தரும் விடைகள் இரண்டு. முன்னோரின் நூல்களைக் கற்றுத் தேறுக என்பது ஒன்று. நூல்களை மூடிவைத்து, மக்களின் அன்றாட வாழ்வை உற்று நோக்குக என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல விடைகளே. ஆயினும் இவற்றோடு நின்றுவிடுவது போதாது. பிறரிடமிருந்து பெற்றதற்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்னும் மூன்றாவது வினாவும் கேட்கப்பட வேண்டும். அவ்வினாவைக் கேளாமையால் நேர்ந்த இழப்பு, தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் தலைசிறந்த படைப்பொன்றின் வரலாற்றிலேயே பதிந்திருக்கிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஏற்றத்தின் மேல் நின்றவர்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட வல்லம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், வார இறுதி ஊழியத்துக்கு வந்த மாணவர் ஒருவர், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் பற்றிச் சபையாருக்கு எடுத்துரைத்தார். சாஸ்திரியார் இயற்றிய "ஞான ஏற்றப்பாட்டு" என்னும் நூலைக் குறிப்பிட்டு, அதன் சில அடிகளைச் சுருதிப்பெட்டியோடு இனிமையாகப் பாடியும் காட்டினார். ஆராதனை முடிந்தபின், எண்பது வயதைக் கடந்த சபை முதியவர் ஒருவர் அவரை அருகே அழைத்தார். தம் இளமைக் காலத்தில், மின்மோட்டார்கள் வருமுன், ஏற்றம் மிதித்தவர் அவர்.

"நல்லாத்தான் பாடுறீங்க தம்பி. ஆனா ஏத்தத்து மேல நின்னுக்கிட்டு இப்படி இழுத்துப் பாடினா சால் கணக்குத் தப்பிப்பூடும். மூச்சும் வாங்கும்" என்றார்.

பின்னர் அவரே விளக்கினார். ஏற்றமரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே ஒருவர் சாலைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். சால் இறங்கும்போது ஓர் அடி, ஏறும்போது ஓர் அடி. எத்தனை சால் இறைத்தாயிற்று என்னும் எண்ணிக்கையைப் பாட்டே தன்னுள் வைத்திருக்கும். மேலே நிற்பவர் கால் தவறாமலும், கீழே நிற்பவர் கை தவறாமலும் காப்பது அந்தப் பாட்டுத்தான். அது வேலைக்கு இட்ட அணிகலன் அன்று. வேலையின் ஓர் உறுப்பு.

அம்முதியவர் கூறியது இலக்கியத் திறனாய்வே என்பதில் ஐயமில்லை. பாடலின் அடி எங்கே முடிய வேண்டும் என்பதை யாப்பு நூல் கொண்டு அவர் அறிந்தாரில்லை. மூச்சைக் கொண்டு அறிந்திருந்தார். நம் மாணவரோ சாஸ்திரியாரைக் கற்றிருந்தார்; சாஸ்திரியார் எவரிடம் கற்றாரோ அவரை நாடியதில்லை.

இவ்விடத்தில் கம்பரைப் பற்றிய செவிவழிக் கதை நினைவுக்கு வருகிறது. வயல்வழியே சென்ற கம்பர், ஏற்றம் இறைப்பவர் ஒருவர் மூங்கிலிலையில் தங்கிய பனித்துளியைப் பற்றிப் பாடக் கேட்டாராம். பொழுது சாயவே, அவர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வீடு திரும்பினார். அடுத்த அடி என்னவாயிருக்கும் என்று கவிச்சக்கரவர்த்தி இரவெல்லாம் சிந்தித்தும் விளங்கவில்லை. மறுநாள் காலையில் மீண்டும் அவ்வயலுக்கே சென்று, தொழிலாளி அப்பாட்டைத் தொடர்ந்து பாடக் கேட்ட பின்னரே மனம் அமைந்தாராம். இது வரலாறன்று, எனினும் தமிழர் இக்கதையை விரும்பிச் சொல்லி வந்திருப்பது பொருளுடையது. பெரும்புலவனும் தொழிலாளியின் வாயிலிருந்து அடுத்த அடி பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது மக்கள் வழங்கிய தீர்ப்பு. ஆனால் கதையில் ஒரு குறை உண்டு. கம்பர் பெயரை நாம் அறிவோம். ஏற்றம் இறைத்தவரின் பெயரைக் கதை சொல்வதில்லை.

2. நூலிலிருந்து நூல்

ஒரு படைப்பாளர் மற்றொருவரிடம் பெறுவதை இழிவாகக் கருதும் எண்ணம் மாணவரிடையே பரவியுள்ளது. "முழுவதும் என் சொந்தக் கற்பனை" என்பதே பெருமை என நினைக்கின்றனர். நம் இலக்கிய வரலாறு இதற்கு மாறானது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) தம் "இரட்சணிய யாத்திரிகம்" என்னும் காப்பியத்துக்கு ஜான் பன்யனின் பயண உருவகத்தை அடிப்படையாகக் கொண்டார். கவிநடைக்குக் கம்பரைத் தம் ஆசானாகக் கொண்டார். 1894இல் வெளிவந்த அந்நூலின் பெருமை இவ்விரு கடன்களாலும் குறையவில்லை. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறிய ஒருவர், தம் பழஞ்செல்வத்தைக் கைவிடாமல் புதிய ஆண்டவருக்குப் படைத்த காணிக்கை அது.

பன்யனுக்கும் ஒரு கடன் உண்டு. 1678இல் தம் நூலின் முதற்பகுதியை வெளியிட்ட அவர், உலோகப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளியாக ஊர்ஊராய் நடந்தவர். அவர் எழுதிய சேற்று நிலமும், குன்றும், சந்தையும் கால்நடையாய் அலைந்தவன் அறிந்த வழியின் காட்சிகள். எனவே நூலிலிருந்து நூல் பிறக்கும் என்பது மெய். ஆயின் அச்சங்கிலியைப் பின்னோக்கிப் பற்றிச் சென்றால், யாரோ ஓர் எளியவர் நடந்த வழியிலோ செய்த தொழிலிலோ அது சென்று சேர்கின்றது. கலைஞரைப் பார்த்துக் கற்பதும் வாழ்க்கையைப் பார்த்துக் கற்பதும் வெவ்வேறு ஊற்றுகள் அல்ல. ஒன்றன் மேல்மடையும் கீழ்மடையுமே.

3. கை நீட்டிய தலைவி

இனிச் சாஸ்திரியாரின் "பெத்லகேம் குறவஞ்சி"யை நோக்குவோம். வேதநாயக சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சுவார்ட்ஸ் ஐயரால் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்து வரப்பெற்றார். பின்னாளில் அரசராகிய இரண்டாம் சரபோஜியோடு உடன் பயின்றார். தரங்கம்பாடியிலும் கல்வி பெற்றார். 1864 வரை நீண்ட காலம் வாழ்ந்தார். 1800ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய குறவஞ்சிக்கு முன்மாதிரிகள் பல இருந்தன. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பெரும்புகழ் எய்தியிருந்தது. தஞ்சையிலும் குறவஞ்சி ஆடல் செழித்திருந்தது. சரபோஜி மன்னரையே தலைவராகக் கொண்டு சிவக்கொழுந்து தேசிகர் ஒரு குறவஞ்சி பாடினார்.

குறவஞ்சியின் கதையமைப்பு நாம் அறிந்ததே. தலைவன் உலா வருகிறான். பந்தாடும் தலைவி அவனைக் கண்டு காதல் கொள்கிறாள். நிலவையும் தென்றலையும் நொந்துகொள்கிறாள். மலைநாட்டுக் குறத்தி வந்து தன் மலைவளம் கூறிக் கைபார்த்துக் குறி சொல்கிறாள். பின்னர்ப் பறவை பிடிக்கும் சிங்கன் தன் சிங்கியைத் தேடி வருகிறான். சாஸ்திரியார் இவ்வமைப்பை முழுமையாக ஏற்றார். கிறிஸ்துவே தலைவர், சீயோன் குமாரத்தியாகிய தேவமோகினி திருச்சபை, குறி சொல்பவள் விசுவாசம், சிங்கன் நற்செய்தி ஊழியன், அவன் வலை சுவிசேஷம், பறவைகள் ஆத்துமாக்கள். மலைவளமும் நாட்டுவளமும் பாட வேண்டிய இடங்களில், தாம் ஐரோப்பிய ஆசிரியரிடம் கற்ற புதிய வானநூலையும் பூகோளத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார். பழைய பாத்திரத்தில் புதிய அறிவைப் பெய்த அத்துணிவு இன்றும் வியப்பளிக்கிறது.

இந்நூலைப் பாராட்டுவோர் பெரும்பாலும் "இந்து இலக்கிய வடிவத்தைக் கிறிஸ்தவமாக்கினார்" என்று கூறி நின்றுவிடுவர். அது மேலோட்டமான பாராட்டு. வடிவத்துக்குச் சிலுவைக்குறி இடுவது எளிது. சாஸ்திரியார் செய்தது அதனினும் பெரியது என்று கருதுகிறேன். குறவஞ்சியின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். உயர்குடித் தலைவி, தோழியரும் அரண்மனையும் தன் நோயைத் தீர்க்க இயலாத நிலையில், ஊர்ஊராய்த் திரியும் ஏழைப் பெண்ணிடம் தன் கையை நீட்டுகிறாள். தலைவனைப் பற்றிய நற்சொல் அவள் வாயிலிருந்தே வர வேண்டியிருக்கிறது. குறத்தி கையைத் தொடாமல் குறி இல்லை. இது நற்செய்தியின் ஒழுங்கே அன்றோ? பெத்லகேமில் பிறப்பின் செய்தி முதலில் வயல்வெளியில் இராத்தங்கிய மேய்ப்பரை அடைந்தது. உயிர்த்தெழுதலின் செய்தி, சாட்சியாக மதிக்கப்படாத பெண்களின் வாயில் வைக்கப்பட்டது. குறத்தியை விசுவாசத்தின் உருவமாகக் கண்ட கவிஞர், வடிவத்தோடு அதன் இறையியலையும் பெற்றுக்கொண்டார். பிற கலைஞரிடம் கற்பது எப்படி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நம்மிடம் இல்லை.

4. கவிதை கவிஞரைத் தீர்க்கிறது

இனிச் சொல்லப்போவது கசப்பானது. ஆயினும் திறனாய்வு செய்பவர் இதனை மறைத்தல் தகாது. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிமார், சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கத்தை மாற்ற முனைந்தனர். சாஸ்திரியார் அதனை எதிர்த்து எழுதினார். அதே போராட்டத்தில் அவர் வேறு சிலவற்றுக்காகவும் வாதாடினார்: மக்களுக்குப் பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றலாகாது, விழாவில் மலர்களை விலக்கலாகாது, தமிழ் இசையை ஆலயத்திலிருந்து அகற்றலாகாது. பண்பாட்டைக் காத்த வகையில் அவர் சொன்னவை பெரும்பாலும் சரியென்று காலம் காட்டியிருக்கிறது. ஆனால் சாதிவழி இருக்கையையும் அப்பண்பாட்டின் பகுதியாகவே அவர் எண்ணினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேறுபாட்டை அறவே விலக்குமாறு கட்டளையிட்டபோது, தஞ்சையில் எழுந்த பிளவு நீண்டகாலம் ஆறாமலிருந்தது.

அவர் காலத்தையும் பிறப்பையும் கொண்டு இதற்கு அமைதி கூறலாம். புதிய மிஷனெரிமாரின் கடுமையையும் எடுத்துக்காட்டலாம். எனினும் ஒரு முரண் எஞ்சியே நிற்கிறது. கவிதையில் தேவமோகினி குறத்தியிடம் கை நீட்டுகிறாள். கவிஞரோ ஆலயத்தில் ஒரே பாயில் அமர இசையவில்லை. குறத்தியின் பேச்சும், சிங்கனின் நடையும், ஏற்றக்காரரின் மெட்டும் அவருக்குத் தேவைப்பட்டன; அவற்றுக்கு உரியவர் அருகில் அமர்வது தேவைப்படவில்லை. ஊற்று அவர்களிடமிருந்து வந்தது, கடன் தீர்க்கப்படவில்லை.

இக்குற்றத்தைச் சாஸ்திரியார் மேல் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. மேடைக் குறத்தியைத் தமிழ்நாடு முழுவதும் போற்றியது. அதே நாட்டில், 1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் செயற்பட்டபோது, மெய்யான குறவர் குடிகள் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். 1947இல்தான் இம்மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. அக்குடிகளை அடைத்துவைத்த குடியிருப்புகளில் சிலவற்றைக் கிறிஸ்தவ அமைப்புகளே நடத்தின என்பதை நாம் மறக்கலாகாது. கிறிஸ்துமஸ் விழாவில் குறத்தி வேடம் புனைந்து நம் பிள்ளைகள் ஆடுகையில், அந்த வேடத்துக்குரிய மக்களின் வரலாற்றை நாம் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோமா?

ஆயினும் ஒரு பெரிய படைப்பு, அதைப் படைத்தவரைவிட உயர்ந்து நிற்கும். பெத்லகேம் குறவஞ்சியை இன்று ஆழ்ந்து கற்பவர், அதன் ஆசிரியர் ஏற்க மறுத்த உண்மையை அந்நூலிடமிருந்தே கற்றுக்கொள்ள இயலும். கவிதை கவிஞரைத் தீர்க்கிறது. தீர்த்தபின்னும் அவரைத் தள்ளிவிடுவதில்லை. இதனால்தான் அந்நூலை நாம் இன்னும் பாட வேண்டும் என்கிறேன்.

5. ஒரே உலை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இம்மூன்றாவது வினாவை நேருக்குநேர் சந்தித்தவர் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியர் தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005). "பரட்டை" என்னும் புனைபெயரால் நாடறிந்தவர். கருநாடக இசைவழிக் கீர்த்தனை மரபிலிருந்து கிராமிய இசைக்கு அவர் திரும்பினார். இது சுவை மாற்றம் மட்டுமன்று. சிற்றூர்ச் சபைகளில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்களாயிருக்க, அவர்கள் இசையும் பேச்சும் மட்டும் ஆலயவாசலுக்கு வெளியே நிற்கலாகுமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. ஆணென்றும் பெண்ணென்றும் பிரிக்காத "பெத்தவரே" என்னும் விளிச்சொல்லால் அவர் கடவுளை அழைத்தார். ஒரே உலையில் பொங்கியதைக் கூடி உண்பதே திருச்சபை என்று கற்பித்தார்; நற்கருணைப் பந்தியை அவ்வுலையின் ஒளியில் விளக்கினார்.

அவரிடம் நாம் கருத வேண்டிய சிறப்பு வேறொன்றும் உண்டு. தாம் கட்டிய பாடலைச் சிற்றூர் மக்கள் தம் வாய்க்கேற்ப மாற்றிப் பாடினால் அவர் வருந்தவில்லை. பாடல் உரியவர் கைக்குத் திரும்பியது என்று மகிழ்ந்தார். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த கவிஞர் அவர். உலையும் பாடலும் அவரிடத்தில் ஒன்றே.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 1853இல் ஸ்கடர் சகோதரர் நிறுவிய அமெரிக்க ஆற்காட்டு மிஷனின் உழைப்பால் சபைகள் எழுந்த நம் பகுதியில், பலர் கிறிஸ்துவை ஏற்றபோது பறையைக் கீழே வைத்தனர். சாவு வீட்டிலும் திருவிழாவிலும் கட்டாயமாக அடிக்க வேண்டியிருந்த கருவியைக் கைவிட்டது அவர்களுக்கு விடுதலையாயிருந்தது. இன்று நாம் நகரத்திலிருந்து வந்து, "அது உங்கள் கலை, ஆராதனையில் அடியுங்கள்" என்று கட்டளையிட்டால், பழைய ஊழியத்தையே புதிய பெயரால் சுமத்தியவராவோம். பறை ஆலயத்துக்குள் வருவது நன்று; அதனை யார் அழைக்கிறார், யார் அடிக்கிறார், அடித்தவர் எந்தப் பந்தியில் அமர்கிறார் என்பவற்றைப் பொறுத்தே அது நன்மையாகும். மாநாட்டு மேடையில் மின்னிசைக் கருவியிலிருந்து எழும் "கிராமிய அடி" ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, உலையை விட்டுவிடுவோர் அப்பாவுவின் மாணாக்கர் ஆகார். மெட்டைக் கொண்டு மக்களை விட்டவர் ஆவர்.

6. தாவீது குடியாத நீர்

இரண்டாம் சாமுவேல் இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. பெலிஸ்தரின் தாணையம் பெத்லகேமில் இருக்க, அரணான இடத்தில் தங்கிய தாவீது தன் ஊர்க் கிணற்று நீருக்காக ஏங்கினான். பராக்கிரமசாலிகள் மூவர் பகைவரின் பாளயத்தினூடே புகுந்து, அந்நீரை மொண்டு வந்து கொடுத்தனர். தாவீது அதனைக் குடிக்கவில்லை. தங்கள் உயிரை எண்ணாமல் சென்றவர்களின் இரத்தத்தை நான் குடிப்பேனோ என்று சொல்லி, கர்த்தருக்கென்று அதை ஊற்றினான்.

தாவீது இஸ்ரவேலின் இன்னிசைக் கவிஞன் என்று போற்றப்படுகிறவன். அவன் செயலில் கலைஞர் அனைவருக்கும் ஒரு பாடம் உள்ளது என நினைக்கிறேன். தாகம் குற்றமன்று. பிறர் கொணர்ந்த நீரைப் பெறுவதும் குற்றமன்று. ஆனால் அந்நீர் எவர் உழைப்பால் வந்தது என்பதை உணர்ந்தவன், அதைத் தன் தொண்டைக்கு மட்டும் உரியதாக்கிக்கொள்ளான். அதனை உரிய இடத்தில் ஊற்றிவிடுவான்.

அருளுரைக்கோ பாடலுக்கோ ஊற்றுத் தேடும் மாணவர் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்வாராக. இதை நான் எவரிடமிருந்து பெற்றேன்? அவர் இதைக் கேட்டால் தம் மூச்சு இதில் இருக்கிறது என்பாரா? இதனால் அவருக்கு என் பந்தியில் இடம் கிடைத்ததா? முதல் வினா நேர்மையைக் காக்கும். இரண்டாவது, கலையைக் காக்கும். மூன்றாவது, சபையைக் காக்கும்.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட மாணவர் அடுத்த வாரமும் அவ்வூருக்கு வந்தார். சுருதிப்பெட்டி கையில் இல்லை. முதியவரோடு வறண்ட கிணற்றின் மேட்டில் அமர்ந்து, அவர் வாயாலேயே ஏற்றப்பாட்டைக் கேட்டார். எங்கே மூச்சு வாங்குவது என்பதைக் கையால் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டார். பொழுது உச்சிக்கு வந்தபோது முதியவர் எழுந்து, "பாட்டு இருக்கட்டும் தம்பி. வீட்டுல கூழு இருக்குது, வாங்க, ஒரு வாய் குடிச்சுட்டுப் போலாம்" என்றார். மாணவர் உடன் சென்று, அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கூழ் குடித்தார். அதற்குப் பின் அவர் எழுதிக் காட்டிய அருளுரையை நான் பெரிதும் திருத்த வேண்டியிருக்கவில்லை.